எடைப் பயிற்சியும் இருதயப் படபடப்பும்

உடலுக்கு வலிமை தேடுவது எல்லாக் காலத்து இளைஞர்க்கும் உரிய விருப்பமாகும். இன்று இந்தியாவின் பெருநகரங்களில் மட்டுமன்றிச் சிறு நகரங்களிலும் எடைப் பயிற்சிக் கூடங்கள் பெருகியுள்ளன. பள்ளி மாணவர் முதல் அலுவலகப் பணியாளர் வரை பலரும் இரும்புப் பளுக்களைத் தூக்கித் தசையை வளர்க்க முயல்கின்றனர். அதற்கெனத் தம் உணவையும் மிகுதிப்படுத்துகின்றனர். இவர்களுட் சிலருக்குப் பயிற்சியின்போதோ, பயிற்சி முடிந்து ஓய்ந்திருக்கும்போதோ, இரவில் படுக்கையிலோ நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது உண்டு. துடிப்பு ஒன்று தவறியது போலவும், இருதயம் தொண்டைக்கு ஏறியது போலவும் அவர்கள் உணர்வர். அவ்வுணர்ச்சியைத் தொடர்ந்து அச்சம் தோன்றும். அச்சம் தோன்றியதும் படபடப்பு மேலும் மிகும்.

இத்தகைய இளைஞர் முதலில் நாடிச் செல்வது பெரும்பாலும் இருதய நிபுணரை அன்று. பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியரையோ, ஊரின் சுகாதாரப் பணியாளரையோதான் அவர்கள் நாடுவர். அவர்கள் பெறும் விடை இரு வகையில் பிழைபடக்கூடும். உண்மையான இருதயக் கோளாறு உள்ள ஒருவரை, "இது வெறும் பயம்" என்று திருப்பி அனுப்பிவிடுதல் ஒன்று. யாதொரு கோளாறும் இல்லாத ஒருவரை, "உன் இருதயம் பலவீனமானது" என்று அச்சுறுத்திப் பயிற்சியையே கைவிடச் செய்தல் மற்றொன்று. முதற் பிழை உயிருக்குக் கேடு விளைவிக்கலாம். இரண்டாம் பிழை ஒருவரை ஆயுள் முழுவதும் கவலையில் ஆழ்த்தலாம். இவ்விரண்டையும் தவிர்ப்பதற்கு வேண்டிய அடிப்படைச் செய்திகள் இப்பாடத்தில் கூறப்படுகின்றன.

இந்தியாவில் உடல் வளர்க்கும் கலை

பளுவைக் கொண்டு உடலை வளர்க்கும் முறை இந்நாட்டுக்குப் புதிதன்று. மல்யுத்தக் கூடங்களில் கர்லாக் கட்டை சுழற்றுதலும், தண்டால், பஸ்கி முதலிய பயிற்சிகளும் நெடுங்காலமாக நிலவி வந்துள்ளன. மேனாட்டு முறைப்படி தசைகளைத் தனித்தனியே வளர்க்கும் பயிற்சியைப் பரப்பிய யூஜின் சாண்டோ 1905ஆம் ஆண்டையொட்டி இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் என்பவர் தொடங்கிய உடற்பயிற்சிக் கல்லூரி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கலாயிற்று. வங்காளத்தைச் சேர்ந்த மனோதோஷ் ராய் 1951இலும், மனோகர் ஆயிச் 1952இலும் உலக ஆணழகர் போட்டிகளில் தத்தம் பிரிவில் பட்டம் பெற்றனர். 1912இல் பிறந்த மனோகர் ஆயிச் 2016இல் தம் 104ஆம் வயதில் காலமானார். ஒருவருடைய வாழ்வைக் கொண்டு பொதுவிதி வகுக்க இயலாது. ஆயினும், பளு தூக்குதல் இருதயத்தைத் தேய்த்து ஆயுளைக் குறைக்கும் என்னும் பழைய எண்ணத்திற்கு அவ்வாழ்வு ஆதரவு அளிப்பதாக இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயது வந்தோர் வாரத்தில் இரண்டு நாட்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியைச் செய்ய வேண்டும் என்றும், 5 முதல் 17 வயது வரையுள்ளோர் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் செயல்களில் வாரத்தில் மூன்று நாட்களேனும் ஈடுபட வேண்டும் என்றும் கூறுகிறது. எனவே எடைப் பயிற்சி ஐயத்திற்குரிய பொருளன்று. அதனை முறையோடு செய்வதே கவனத்திற்குரியது.

இருதயத் துடிப்பின் இயல்பு

இருதயத்தின் வலது மேலறைச் சுவரில் அமைந்துள்ள சிறியதொரு திசுக்கணு ஒவ்வொரு துடிப்பையும் தொடங்கி வைக்கிறது. ஆர்தர் கீத், மார்ட்டின் பிளாக் என்னும் இருவர் இக்கணுவை 1907இல் விவரித்தனர். நரம்புகளின் தொடர்பு இல்லாவிடில் இக்கணு நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 முறை துடிப்பைத் தூண்டும். ஆனால் வேகஸ் என்னும் நரம்பு கடிவாளம் போல அதனை எப்பொழுதும் சிறிது இழுத்துப் பிடித்திருக்கிறது. ஆகவே ஓய்ந்திருக்கும் ஒருவரின் துடிப்பு 70 அளவில் நிற்கிறது. வயது வந்தோர்க்கு ஓய்வு நிலையில் நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை இயல்பான அளவாகும். நன்கு பயிற்சி பெற்றவர்களிடம் இது 60க்கும் கீழே இருத்தல் உண்டு, அது நோயன்று.

ஒரு துடிப்பில் இருதயம் சுமார் 70 மில்லி லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. நிமிடத்திற்கு 70 துடிப்பு எனக் கொண்டால் அது ஏறக்குறைய 5 லிட்டர் ஆகும். கடினமாக உழைக்கும் நேரத்தில் இது 20 லிட்டரை எட்டக்கூடும். உழைப்புத் தொடங்கியதும் வேகஸ் நரம்பின் கடிவாளம் தளர்கிறது. பின்னர்ப் பரிவு நரம்புகள் இருதயத்தைத் தூண்டுகின்றன. சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளை இரத்தத்தில் சொரிகின்றன. துடிப்பின் எண்ணிக்கை மட்டுமன்றி ஒவ்வொரு துடிப்பின் வலிவும் பெருகுகிறது. உழைக்கும்போது நெஞ்சில் அடிப்பு உணரப்படுதல் இக்காரணத்தால் நிகழும் இயல்பான செயலேயாகும்.

பளுவைத் தூக்கும்போது நிகழ்வன

ஓடுவதற்கும் பளுவைத் தூக்குவதற்கும் இடையே முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. ஓடும்போது தசைகள் மாறி மாறிச் சுருங்கி விரிவதால் இரத்தம் தடையின்றிப் பாய்கிறது. பெரும் பளுவைத் தாங்கும்போதோ, தசைகள் இறுகி நின்று தம்முள் செல்லும் இரத்தக் குழாய்களை நெரிக்கின்றன. அதனால் இருதயம் மிகுந்த அழுத்தத்தை எதிர்த்து இயங்க வேண்டியதாகிறது.

இதனோடு மூச்சை அடக்கும் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. கனமான பொருளைத் தூக்குவோர் தம்மையறியாமலே மூச்சை உள்ளடக்கி முக்குவர். இத்தாலிய உடற்கூற்று அறிஞர் வால்சால்வா 1704இல் செவியைப் பற்றி எழுதிய நூலில் விவரித்த இச்செயல் இன்றளவும் அவர் பெயராலேயே வழங்கி வருகிறது. மூச்சை அடக்கி முக்கும்போது மார்புக் கூட்டினுள் அழுத்தம் மிகுகிறது. இருதயத்திற்குத் திரும்பி வரும் இரத்தம் குறைகிறது. அதனை ஈடுசெய்யத் துடிப்பு விரைகிறது. மூச்சை விட்டவுடன், அதுவரை தேங்கி நின்ற இரத்தம் இருதயத்தை வந்தடைகிறது. அழுத்தம் ஒரு கணம் தாழ்ந்து, பின்னர் எழும்பி மீறுகிறது. அதனை உணர்ந்த நரம்புகள் துடிப்பைத் திடீரெனத் தணிக்கின்றன. இவை யாவும் சில விநாடிகளுக்குள் நிகழ்ந்து முடிகின்றன. நெஞ்சில் ஓர் அதிர்வும் தலையில் ஒரு கிறுகிறுப்பும் தோன்றுவதற்கு இம்மாறுதல்களே பெரும்பாலும் காரணமாகும்.

இவ்வழுத்தம் எவ்வளவு உயரக்கூடும் என்பதைக் கனடா நாட்டில் நிகழ்த்தப்பட்டு 1985இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பயிற்சி மிக்க உடல் வளர்ப்போர் ஐவரின் கைத் தமனியினுள் அளவுகோலைச் செலுத்தி இரத்த அழுத்தம் அளக்கப்பட்டது. இரு கால்களாலும் பெரும் பளுவைத் தள்ளும்போது அவர்களின் உச்ச அழுத்தம் சராசரியாக 320க்கு 250 பாதரச மில்லிமீட்டராக இருந்தது. ஒருவரிடம் அது 480க்கு 350ஐயும் கடந்தது. ஓய்வில் 120க்கு 80 என்பது இயல்பான அளவு என்பதை நினைவிற்கொண்டால் இதன் மிகுதி விளங்கும். பளுவை இறக்கியவுடன் அழுத்தம் விரைவில் தணிந்துவிடுகிறது. நலமுள்ள உடல் இதனைத் தாங்கும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்க்கும் இரத்தக் குழாய்களில் பலவீனம் உள்ளவர்க்கும் இது அபாயமாக முடியலாம். மூச்சை அடக்காமல் பளுவைத் தூக்க வேண்டும் என்று ஆசிரியர் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

"துடிப்பு தவறியது" என்னும் உணர்ச்சி

சில வேளைகளில் இருதயத்தின் வேறொரு பகுதி முந்திக்கொண்டு ஒரு துடிப்பைத் தொடங்கிவிடுகிறது. இதனை முந்து துடிப்பு எனலாம். அறைகள் போதிய அளவு இரத்தம் நிரம்புவதற்கு முன்னரே இது எழுவதால் வலிவற்றதாக இருக்கும். கையில் நாடி பார்ப்பவர்க்கு அது புலப்படாமலும் போகலாம். அதன் பின்னர்ச் சற்று நீண்ட இடைவெளி உண்டாகிறது. அவ்விடைவெளியில் இருதயம் மிகுதியாக நிரம்புவதால் அடுத்த துடிப்பு ஓங்கி அடிக்கிறது. துடிப்பு நின்றது போன்ற உணர்ச்சிக்கு அந்த இடைவெளியும், நெஞ்சில் குத்து விழுந்தது போன்ற உணர்ச்சிக்கு அந்த ஓங்கிய அடிப்பும் காரணங்களாகும். இருதயம் உண்மையில் நிற்கவில்லை.

நாள் முழுவதும் இருதயத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவியைப் பொருத்திப் பார்த்தால், நலமுள்ளோர் பலரிடமும் இத்தகைய முந்து துடிப்புகள் காணப்படுகின்றன. கட்டமைப்பில் குறையற்ற இருதயத்தில் இவை பொதுவாகத் தீங்கற்றவை. உழைக்கும்போது கணுவின் வேகம் மிகுவதால் இவை மறைந்து, ஓய்ந்ததும் மீண்டும் தோன்றுதல் வழக்கம். ஆகவேதான் பயிற்சியின் இடைவேளையிலும், இரவில் படுத்த பின்னரும் பலர் இவற்றை உணர்கின்றனர். இடப்பக்கம் சாய்ந்து படுக்கும்போது இருதயம் மார்புச் சுவரை நெருங்குவதால் உணர்ச்சி மேலும் தெளிவாகிறது. இதற்கு மாறாக, உழைப்பு மிகமிக முந்து துடிப்புகளும் மிகுமாயின் அதனை மருத்துவர் ஆராய வேண்டும்.

உணவு, பானம், மருந்து

உடலைப் பருக்கச் செய்யும் காலத்தில் கைக்கொள்ளப்படும் பழக்கங்கள் பல, படபடப்புக்குத் தனித்தனியே காரணமாகின்றன. களப்பணியாளர் இவற்றை ஒவ்வொன்றாக விசாரித்தறிதல் நன்று.

முதலாவது, மிகுதியான உணவு. வயிறு நிறைய உண்ட பின் குடலுக்குச் செல்லும் இரத்தம் பெருகுவதால் துடிப்பு சிறிது விரைகிறது. வயிறு உப்புதலும் புளிப்பு மேலெழுதலும் படபடப்பைத் தூண்டக்கூடும். உண்டவுடன் பளு தூக்குவோர்க்கு இவ்விரு சுமைகளும் ஒன்றாக நேர்கின்றன. மேலும், தசை வளரும் வேகத்திற்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேற்பட்ட உணவு கொழுப்பாகவே சேரும். தேவைக்கு மேல் நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி வரை உண்பதே போதுமானது. சில மாதங்களில் மிகுந்த எடை ஏறியவர்களுட் சிலர் உறக்கத்தில் குறட்டையும் மூச்சுத் தடையும் உறுவர்; இரவில் மூச்சுத் தடைபடுதலும் துடிப்புக் கோளாறுகளுக்கு ஒரு காரணமாகும்.

இரண்டாவது, காஃபீன். பயிற்சிக்கு முன் அருந்தும் ஊக்கப் பொடிகள் பலவற்றில் முதன்மையான சரக்கு இதுவே. ஹைதராபாதிலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி, 150 மில்லி லிட்டர் வடித்த காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராமும், உடனடிக் காப்பியில் 50 முதல் 65 மில்லிகிராமும், தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராமும் காஃபீன் உண்டு. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. காலையும் பிற்பகலும் ஒவ்வொரு குவளை வடித்த காப்பி அருந்தும் ஓர் இளைஞர், மாலை 6 மணிக்கு 200 மில்லிகிராம் காஃபீன் உள்ள பொடியையும் கலக்கிக் குடிப்பதாகக் கொள்வோம். அவருடைய அன்றைய அளவு 400 மில்லிகிராமை எட்டிவிடுகிறது. உடலில் சேர்ந்த காஃபீன் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகிறது. எனவே இரவு 11 மணிக்கும் அப்பொடியிலிருந்து மட்டுமே 100 மில்லிகிராம் அவர் உடலில் எஞ்சியிருக்கும். அவர் உறக்கம் கெடும். மறுநாள் சோர்வைப் போக்க மேலும் அருந்துவார். படபடப்பும் கைந்நடுக்கமும் மனக்கலக்கமும் காஃபீன் மிகுதியின் நேர் விளைவுகள். அதனை நிறுத்தினாலே பலருடைய தொல்லை நீங்கிவிடும். நாள்தோறும் மிகுதியாக அருந்தி வந்தவர்க்குத் திடீரென நிறுத்தினால் தலைவலி உண்டாகலாம். ஆதலால் சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பது நலம்.

மூன்றாவது, நீரும் உப்புகளும் குறைதல். வெப்பம் மிகுந்த கூடத்தில் வியர்த்து, நீர் அருந்தாதிருப்பவரின் இரத்த அளவு குறைகிறது. அதற்கேற்பத் துடிப்பு விரைகிறது. இரத்தத்தில் பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை குறைந்தால் துடிப்பின் ஒழுங்கு கெடும். போட்டிக்கு முன் உடலை வற்றச் செய்வதற்காகச் சிறுநீர்ப் பெருக்கி மாத்திரைகளை உண்பது இக்காரணத்தால் மிக அபாயகரமானது. பருப்பு, கீரை, வாழைப்பழம், இளநீர் முதலிய இயல்பான உணவுகளே தேவையான உப்புகளைத் தரும். மருத்துவர் கூறாமல் பொட்டாசிய மாத்திரைகளை உட்கொள்ளலாகாது. அதன் மிகுதியும் இருதயத்திற்குக் கேடாகும்.

நான்காவது, ஊக்க மருந்துகள். 1935இல் செயற்கையாக ஆக்கப்பட்ட டெஸ்டோஸ்டெரோனும் அதன் இனத்தைச் சேர்ந்த பிற மருந்துகளும் தசையைப் பெருக்குகின்றன. அவற்றோடு இருதயத் தசையையும் தடிக்கச் செய்து, துடிப்புக் கோளாறு, உயர் இரத்த அழுத்தம், எரிச்சல், மனக்கலக்கம் முதலியவற்றை விளைவிக்கின்றன. கொழுப்பைக் கரைக்கும் என்று விற்கப்படும் கிளென்பியூட்டரால் இருதயத்தை நேராகத் தூண்டிப் பொட்டாசியத்தையும் குறைக்கிறது. தைராய்டு மாத்திரைகளும் இன்சுலினும் இவ்வழியில் தவறாகப் பயன்படுத்தப்படுவது உண்டு. இன்சுலினால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே அபாயம் நேரலாம். இவற்றைப் பற்றிக் கேட்கும்போது குற்றம் சாட்டும் தொனி கூடாது. கடிந்து கேட்டால் இளைஞர் மறைத்துவிடுவர். மறைத்தால் மருத்துவரின் கணிப்புத் தவறிப்போகும்.

புரதப் பொடியைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். வயது வந்தோர்க்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் தேவை என்பது 2020இல் வகுக்கப்பட்ட இந்திய அளவு. எடைப் பயிற்சி செய்வோர்க்குக் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராமுக்கு மேற்பட்ட புரதம் தசை வளர்ச்சிக்குக் கூடுதலாக உதவுவதில்லை என்று 2018இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. புரதம் தன்னளவில் படபடப்பை உண்டாக்குவதன்று. ஆனால் உடலைப் பருக்கச் செய்யப் புரதப் பொடிகளை நாடுவதைத் தவிர்க்குமாறு மேற்கூறிய 2024ஆம் ஆண்டு வழிகாட்டி அறிவுறுத்துகிறது. பால், தயிர், முட்டை, மீன், பயறு, நிலக்கடலை ஆகியவை எளிதிற் கிடைப்பன.

ஐந்தாவது, இரத்தசோகையும் தைராய்டு மிகுதியும். 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 19 வயதுள்ள ஆண்களில் 31 சதவிகிதத்தினரும், 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவிகிதத்தினரும் இரத்தசோகை உடையவர்கள். இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருள் குறைந்தால் இருதயம் விரைந்து அடித்தே அக்குறையை ஈடுசெய்கிறது. ஆகவே நமது நாட்டில் படபடப்பு என்று வரும் ஒருவரின் கண்ணிமையின் உட்புறத்தைப் பார்ப்பது முதல் கடமைகளுள் ஒன்றாகும்.

அச்சத்தின் பங்கு

1871இல் அமெரிக்க மருத்துவர் டா கோஸ்டா, அந்நாட்டு உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட வீரர்களிடம் தாம் கண்ட ஒரு நிலையை விவரித்தார். படபடப்பு, மார்பு வலி, மூச்சுத் திணறல், களைப்பு ஆகியவற்றால் அவர்கள் வருந்தினர். ஆனால் இருதயத்தில் நோயின் அடையாளம் காணப்படவில்லை. 1915இல் வால்டர் கானன் என்னும் உடலியல் அறிஞர், அச்சமும் சினமும் எழும்போது அட்ரினலின் சுரந்து உடலைப் போருக்கோ ஓட்டத்திற்கோ ஆயத்தம் செய்கிறது என்று விளக்கினார். இக்கருத்துகளை ஒன்று சேர்த்து நோக்கினால், அச்சத்தால் எழும் படபடப்பு கற்பனையன்று என்பது புலனாகும். துடிப்பு மெய்யாகவே விரைகிறது; சுரப்பும் மெய்யாகவே பெருகுகிறது. அதற்குக் கற்பிக்கப்படும் பொருளே பிழையானது.

1986இல் டேவிட் கிளார்க் என்னும் உளவியல் அறிஞர் இதனை ஒரு சுழலாக விவரித்தார். உடலில் ஓர் உணர்ச்சி தோன்றுகிறது; "இருதயம் நின்றுவிடப் போகிறது" என்று மனம் அதற்குப் பொருள் கொள்கிறது; அவ்வெண்ணம் அச்சத்தை எழுப்புகிறது; அச்சம் துடிப்பை மேலும் விரையச் செய்கிறது; விரைந்த துடிப்பு எண்ணத்தை உறுதிப்படுத்துகிறது. இதனோடு மூச்சும் விரைந்தால் இரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைந்து, விரல்களில் மதமதப்பும் தலைச்சுற்றலும் உண்டாகின்றன. இவையும் நோயின் குறிகளாகவே கருதப்படுகின்றன. எடைப் பயிற்சி செய்பவரிடம் விரைந்த துடிப்பு, வியர்வை, மூச்சு வாங்குதல் ஆகிய மூன்றும் இயல்பாகவே அமைந்திருப்பதால், ஒருமுறை அஞ்சியவர்க்குப் பயிற்சிக் கூடமே அச்சத்தின் இடமாகிவிடுகிறது. தம் உடல் போதிய அளவு பருக்கவில்லையே என்னும் ஓயாத ஒப்பீடும், உறக்கக் குறைவும் இச்சுழலுக்கு வலுவூட்டுகின்றன.

இவ்வச்சத்திற்குப் பயிற்சியையே விட்டுவிடுதல் பரிகாரமன்று. விலகி நிற்கும்தோறும் அச்சம் வேரூன்றும். பல ஆய்வுகளை ஒருங்கு தொகுத்து 2017இல் வெளியான ஆராய்ச்சி, எடைப் பயிற்சி மனக்கலக்கத்தைக் குறைப்பதாகவே காட்டியது. மருத்துவர் சோதித்துக் கோளாறு இல்லை என்று கூறிய பின், இலேசான பளுவில் தொடங்கி, விரைந்த துடிப்பு தீங்கற்றது என்பதை உடலுக்கு மீண்டும் கற்பிப்பதே வழி. மனக்கலக்கம் நீடித்தால் மனநல ஆலோசனையை நாடலாம். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையின் எண் 14416.

அச்சத்தின் மேல் பழி சுமத்துமுன்

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. இருதயத்தின் மேற்பகுதியில் தோன்றும் ஒருவகை மின்சுழற்சியால் துடிப்பு திடீரென 150 முதல் 220 வரை ஏறுவது உண்டு. 1997இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இந்நோய் உறுதி செய்யப்பட்ட 107 பேரில் 67 சதவிகிதத்தினர் பீதி நோய்க்கு உரிய குறிகள் அனைத்தையும் உடையவராக இருந்தனர். அவர்களுட் பலருடைய நோய் முதற் சோதனையில் கண்டுபிடிக்கப்படவேயில்லை. வேறுபாட்டை அறிய எளிய வினா ஒன்று உண்டு: "துடிப்பு எவ்வாறு தொடங்கி எவ்வாறு முடிந்தது?" என்பதே அது. அச்சத்தாலும் உழைப்பாலும் விரையும் துடிப்பு படிப்படியாக ஏறிப் படிப்படியாக இறங்கும். மின்சுழற்சியால் எழுவதோ, விளக்கின் விசையைத் தட்டினாற்போலத் தொடங்கி, அவ்வாறே நின்றுவிடும்.

நமது நாட்டில் கருதத்தக்க நோய்கள் வேறு சிலவும் உண்டு. இளமையில் மூட்டு வீக்கத்தோடு வந்த காய்ச்சலின் விளைவாக இருதய வால்வுகள் பழுதடைதல் அவற்றுள் ஒன்று. பரம்பரையாக வரும் இருதயத் தசைத் தடிப்பு மற்றொன்று; இது ஏறத்தாழ 500 பேரில் ஒருவரிடம் காணப்படுகிறது. உழைப்பின்போது இளைஞர்கள் திடீரென உயிரிழப்பதற்கு உரிய காரணங்களுள் இதுவும் ஒன்றாகும்.

கீழ்க்கண்டவற்றுள் ஒன்று இருப்பினும் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்:

1. உழைக்கும்போது நினைவிழந்து விழுதல், அல்லது கண் இருண்டு விழும் நிலையை அடைதல்.
2. உழைப்பால் மார்பில் வலியோ இறுக்கமோ தோன்றுதல்.
3. உழைப்பின் அளவுக்குப் பொருந்தாத மூச்சுத் திணறல்.
4. திடீரெனத் தொடங்கித் திடீரென முடியும் மிக விரைந்த துடிப்பு. அல்லது நீடித்து ஒழுங்கற்றுச் செல்லும் நாடி.
5. குடும்பத்தில் 50 வயதுக்குட்பட்டோர் காரணம் விளங்காமல் திடீரென இறந்திருத்தல்.
6. முன்னரே இருதய நோயோ உயர் இரத்த அழுத்தமோ இருப்பதாக அறியப்பட்டிருத்தல்.
7. ஊக்க மருந்துகளை உட்கொண்டிருத்தல்.

ஒருவர் நினைவிழந்து விழுந்து, இயல்பாக மூச்சு விடாதிருந்தால் காலம் தாழ்த்தலாகாது. 112 அல்லது 108 எண்ணுக்குத் தெரிவிக்கச் செய்து, மார்பின் நடுவில் 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் இடைவிடாது அழுத்த வேண்டும்.

மருத்துவர் பொதுவாக நாடியையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து, இருதய ஒலியைக் கேட்டு, மின்வரைபடம் எடுப்பார். ஐந்தோவன் 1903இல் விவரித்த கருவியிலிருந்து வளர்ந்த இவ்வரைபடம், எடுக்கப்படும் சில விநாடிகளின் நிலையையே காட்டும். ஆகவே அது இயல்பாக இருப்பினும், தேவையானால் நாள் முழுவதும் பதிவு செய்யும் கருவி, ஒலியலைச் சோதனை, இரத்தசோகை, தைராய்டு, உப்புகள் ஆகியவற்றுக்கான இரத்தச் சோதனை ஆகியவை செய்யப்படும். படபடப்பு நிகழ்ந்த நாள், நேரம், நாடியின் எண்ணிக்கை, அதற்கு முன் உண்டது, பருகியது, உறங்கிய நேரம் ஆகியவற்றை எழுதி எடுத்துச் செல்வது மருத்துவருக்குப் பேருதவியாகும்.

பயிற்சியில் கைக்கொள்ளத்தக்க முறைகள்

பயிற்சிக்கு முன் 5 முதல் 10 நிமிடம் வரை நடந்தோ இலேசாக ஓடியோ உடலைச் சூடேற்றுதல் வேண்டும். தொடக்க நிலையினர் 8 முதல் 12 முறை வரை திணறலின்றித் தூக்கக்கூடிய பளுவையே கொள்ள வேண்டும். பளுவை உயர்த்தும்போது மூச்சை வெளிவிடுதலும், தாழ்த்தும்போது உள்ளிழுத்தலும் நன்முறையாகும். இரு தொடர்களுக்கு இடையே துடிப்புத் தணியும் வரை இளைப்பாற வேண்டும். கால்களுக்குரிய கடும் பயிற்சி முடிந்தவுடன் அசையாது நிற்கலாகாது. கால்களில் இரத்தம் தங்கி மயக்கம் வரக்கூடும். மெல்ல நடந்து தணிதல் வேண்டும். நிறைவான உணவுக்குப் பின் இரண்டு மணி நேரமாவது கழித்தே பளுவைத் தொடுதல் நலம். காய்ச்சல் உள்ள நாட்களில் பயிற்சி கூடாது.

படபடப்புத் தோன்றினால் பளுவை இறக்கி வைத்து அமர்ந்து, நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல வெளியிட வேண்டும். மூச்சு நீண்டு வெளிவரும்போது வேகஸ் நரம்பின் செயல் ஓங்குவதால் துடிப்புத் தணியும்.

வகுப்பில் செய்யத்தக்க சோதனை

மேற்கூறிய குறிகள் இல்லாத மாணவர்களைக் கொண்டு இதனைச் செய்யலாம். ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் அமர்ந்திருந்த பின், மணிக்கட்டில் பெருவிரலின் பக்கமாக இரு விரல்களை வைத்து 30 விநாடி நாடியை எண்ணி, இரண்டால் பெருக்கிக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் 20 பஸ்கி எடுத்து, உடனே 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். அவ்வாறே 1, 2, 5 நிமிடங்கள் கழித்தும் எண்ணிக் கட்டத்தாளில் வரைந்தால், துடிப்பு விரைந்து ஏறுவதையும் படிப்படியாக இறங்குவதையும் கண்ணாற் காணலாம். தம் இருதயம் ஏறி இறங்கும் முறையைத் தாமே எண்ணிப் பார்த்த மாணவர்க்கு அதனிடம் அச்சம் குறையும். அதே வேளையில், இறங்காத துடிப்பும் ஒழுங்கற்ற நாடியும் ஆசிரியர் கண்ணில் படுதலும் இச்சோதனையின் பயனாகும். அத்தகைய மாணவரின் பெயரை வகுப்பில் கூறாது, பெற்றோரிடம் தனியே தெரிவிக்க வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. ஓய்வு நிலையில் துடிப்பு 100இல் நில்லாமல் 70 அளவில் நிற்பது ஏன்?
2. மூச்சை அடக்கிப் பளுவைத் தூக்கும்போது இரத்த ஓட்டத்தில் நிகழும் மாறுதல்களை வரிசைப்படுத்துக.
3. முந்து துடிப்பைத் தொடர்ந்து ஓங்கிய அடிப்பு உணரப்படுவதற்குக் காரணம் யாது?
4. மாலை 6 மணிக்கு 200 மில்லிகிராம் காஃபீன் உட்கொண்டவரின் உடலில், மறுநாள் காலை 4 மணிக்கு எஞ்சியிருக்கும் அளவைக் கணக்கிடுக.
5. "பத்து நாட்களாகப் பயிற்சிக்குப் பின் நெஞ்சு படபடக்கிறது" என்று ஓர் இளைஞர் வந்து கூறுகிறார். அவரிடம் கேட்க வேண்டிய வினாக்கள் ஏழினை எழுதுக. எந்த விடைகளைக் கேட்டவுடன் அவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதையும் காட்டுக.